தராசு யார் கையில்?

பகாங் மாநிலத்தின் வடமேற்கு மூலையில், கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்தில் அமைந்துள்ளது கேமரன் மலை. 1885-ஆம் ஆண்டு நில அளவைப் பணிக்காக இப்பகுதிக்கு வந்த வில்லியம் கேமரனின் பெயரையே இம்மலை இன்றும் தாங்கி நிற்கிறது. 1929-ஆம் ஆண்டு ஜே.ஏ. ரசல் இங்குப் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். 1933-இல் பாரத் நிறுவனம் தோன்றியது. தென்னிந்தியாவிலிருந்து வந்த தமிழர்கள் காட்டை அழித்து, சரிவுகளில் கன்று நட்டு, லயத்து வீடுகளில் குடியிருந்து இத்தோட்டங்களை உருவாக்கினார்கள்.

தோட்ட வாழ்க்கையில் நிறுவை நேரம் முக்கியமானது. பறித்த கொழுந்தைத் தொழிலாளி தராசில் வைப்பார். மேற்பார்வையாளர் எடையைப் பார்த்துப் புத்தகத்தில் எழுதுவார். கூடையின் எடை கழிக்கப்படும்; மழை நாளில் இலையில் ஒட்டிய நீருக்கும் ஒரு கழிவு உண்டு. மீதமுள்ள எடைக்குத்தான் கூலி. கூடைக்குக் கழிப்பதை யாரும் தவறென்று சொல்வதில்லை. எவ்வளவு கழிக்கிறார்கள், ஏன் கழிக்கிறார்கள், பக்கத்து வரிசைக்காரருக்கும் அதே அளவுதானா என்பது தெரியாதபோதுதான் முணுமுணுப்பு எழும். தராசைப் பிடித்திருப்பவர் மீது நம்பிக்கை இருந்தால் கழிவும் ஏற்கப்படும். அந்த நம்பிக்கை இல்லையென்றால் நூறு கிராம் குறைந்தாலும் சண்டைதான்.

வருமான வரியும் ஒருவகைக் கழிவே. ஒருவர் ஈட்டும் வருமானத்திலிருந்து நாட்டின் பொதுச் செலவுக்காக ஒரு பங்கு எடுக்கப்படுகிறது. அதைப் பற்றி மக்கள் கேட்கும் கேள்விகளும் நிறுவை நேரத்துக் கேள்விகளைப் போன்றவைதாம்.

இதில் தேயிலைக்கே ஒரு பழைய கதை உண்டு. உலக வரலாற்றில் வரி தொடர்பான புகழ்பெற்ற கலகம் ஒன்று தேயிலையை வைத்துத்தான் நடந்தது. 1773-ஆம் ஆண்டு டிசம்பர் 16-ஆம் நாள், அமெரிக்காவின் பாஸ்டன் துறைமுகத்தில் நின்ற கப்பல்களிலிருந்து 342 தேயிலைப் பெட்டிகளைக் குடியேற்ற மக்கள் கடலில் கொட்டினார்கள். வரியின் அளவு பெரிதாக இருந்ததே இதற்குக் காரணம் என்று பலர் எண்ணுவர். உண்மையில் அந்த வரி ஒரு பவுண்டு எடைக்கு மூன்று பென்னி மட்டுமே. அவ்வாண்டு வந்த புதிய சட்டத்தால் தேயிலையின் விலை குறையவும் வாய்ப்பிருந்தது. தங்கள் பேராளர் ஒருவர்கூட இல்லாத நாடாளுமன்றம் தங்கள்மீது வரி விதிக்கலாமா என்பதே அம்மக்களின் வினா.

அதே காலத்தில் பிரிட்டனில் வேறொரு பாடம் கற்கப்பட்டது. அங்குத் தேயிலைக்கான தீர்வை விலையையே மிஞ்சி 119 விழுக்காட்டை எட்டியிருந்தது. விளைவு, கடத்தல். கடற்கரையோரச் சிற்றூர்களில் இரவோடு இரவாகத் தேயிலை இறங்கியது. சுங்க அதிகாரிகள் எத்தனை பேரை நிறுத்தினாலும் தடுக்க முடியவில்லை. கள்ளத் தேயிலை வாங்குவதை ஊரார் குற்றமாகக் கருதவுமில்லை. 1784-இல் பிரதமர் வில்லியம் பிட் தீர்வையை 12.5 விழுக்காடாகக் குறைத்தார். குறைந்த வருவாயை ஈடுகட்டச் சன்னல்களுக்கான வரி உயர்த்தப்பட்டது. கடத்தல்காரர்களுக்கு இலாபம் இல்லாமல் போனது. சட்டப்படி இறக்குமதியான தேயிலையின் அளவு குறுகிய காலத்திலேயே இரண்டு மடங்குக்கு மேல் பெருகியது. காவலர்களால் செய்ய முடியாததை ஒரு விகித மாற்றம் செய்தது.

இந்தச் சிந்தனை தமிழருக்குப் புதிதன்று. பிசிராந்தையார் என்னும் புலவர் பாண்டியன் அறிவுடை நம்பிக்கு வரி பற்றிக் கூறிய அறிவுரை புறநானூற்றில் இடம்பெற்றுள்ளது. விளைந்த நெல்லை அறுத்துக் கவளமாக்கி யானைக்குக் கொடுத்தால் சிறிய வயலின் விளைச்சலும் பல நாளுக்கு வரும். யானையே வயலுக்குள் புகுந்தால் அதன் வாய் தின்பதைவிடக் காலால் மிதிபட்டு அழிவது மிகுதி என்பது அப்பாடலின் கருத்து. வரியே வேண்டாம் என்று புலவர் கூறவில்லை. யானைக்கு உணவு வேண்டும். அதைக் கொடுக்கும் முறைதான் பேச்சு. பிற்காலச் சோழருள் முதலாம் குலோத்துங்கனைச் 'சுங்கம் தவிர்த்த சோழன்' என்று மக்கள் போற்றினர். ஒரு வரியை நீக்கியதே ஒரு மன்னனுக்குப் பட்டப்பெயராக நிலைத்தது என்றால், வரி மக்கள் மனத்தில் எவ்வளவு ஆழமாகப் பதிந்திருந்தது என்பது விளங்கும்.

மலாயாவில் ஆங்கிலேயர் ஆட்சியின் பெரும்பகுதியில் நிலையான வருமான வரி கிடையாது. அபினி, ஈயம், இரப்பர் ஆகியவற்றின் மீதான தீர்வைகளே கருவூலத்தை நிரப்பின. தோட்ட முதலாளிகள் செலுத்திய இன்னொரு கட்டணமும் இருந்தது. 1907-ஆம் ஆண்டு தமிழர் குடியேற்ற நிதி அமைக்கப்பட்டது. இந்தியத் தொழிலாளர்களை வேலைக்கு வைத்திருந்த முதலாளிகளிடமிருந்து அதற்குத் தொகை வசூலிக்கப்பட்டது. தொழிலாளர்களைக் கப்பலில் அழைத்து வரும் செலவுக்கு அது பயன்பட்டது. 1938-இல் இந்திய அரசு தொழிலாளர் அனுப்புவதை நிறுத்தியது. எஞ்சிய நிதி 1958-இல் தென்னிந்தியத் தொழிலாளர் நிதியாக மாறியது. தோட்டத் தமிழர்களின் பெயரால் வசூலிக்கப்பட்ட அப்பணத்தின் வரலாற்றை நம் சமுதாயம் இன்றும் பேசிக்கொண்டிருக்கிறது. தம்மிடமிருந்து நேரடியாக வாங்காத பணமாயினும், தம் பெயரால் வாங்கிய பணத்துக்குக் கணக்குக் கேட்பது மனித இயல்பு.

போருக்குப்பின் நாட்டைச் சீரமைக்கப் பணம் தேவைப்பட்டது. அபினி விற்பனைக்குத் தடை வந்ததால் பழைய வருவாய் வழியும் அடைபட்டது. 1947-இல் வருமான வரிச் சட்டம் கொண்டுவரப்பட்டபோது வணிகர் சங்கங்கள் கடுமையாக எதிர்த்தன. வணிகர்கள் பல மொழிகளில் கணக்கு எழுதுகிறார்கள், அவற்றை யார் படித்துச் சரிபார்ப்பது என்று சிலர் கேட்டனர். முதலீடு வெளிநாட்டுக்குப் போய்விடும் என்றனர் சிலர். தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் இல்லாத நாட்டில் இப்படியொரு வரியா என்ற குரலும் எழுந்தது. பாஸ்டனில் கேட்ட கேள்விதான் அது. ஆயினும் 1948 ஜனவரி 1 முதல் சட்டம் நடப்புக்கு வந்தது. சபாவுக்கு 1956-லும் சரவாக்குக்கு 1960-லும் தனித்தனிச் சட்டங்கள் வந்தன. இம்மூன்றையும் ஒன்றாக்கிய 1967-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டமே, பல திருத்தங்களுடன், இன்றும் நம்மை ஆள்கிறது.

அதன்பின் நேர்ந்த மாற்றங்களில் மூன்றை அறிந்துகொண்டால் போதும். 1995-இல் மாதாந்திர வரிக் கழிவு முறை வந்தது. சம்பளம் வாங்கும் ஊழியரின் வரியை முதலாளியே மாதந்தோறும் பிடித்துக் கட்டிவிடும் இம்முறையை மக்கள் பி.சி.பி. என்றே அழைக்கின்றனர். 1996 மார்ச் 1-ஆம் நாள், அதுவரை அரசுத் துறையாக இருந்த அமைப்பு உள்நாட்டு வருமான வரி வாரியமாக மாறியது. மூன்றாவது மாற்றமே பெரியது. முன்பு மக்கள் தங்கள் வருமானத்தைப் பாரத்தில் எழுதி அனுப்புவார்கள்; அலுவலகம் கணக்குப் பார்த்து வரி இவ்வளவு என்று அறிவிக்கும். நிறுவனங்களுக்கு 2001-லிருந்தும் தனிநபர்களுக்கு 2004-லிருந்தும் சுயமதிப்பீட்டு முறை நடைமுறைக்கு வந்தது. வரி செலுத்துபவரே தம் வருமானத்தைக் கணக்கிட்டு, தம் வரியையும் தாமே கணக்கிட வேண்டும். அவர் அனுப்பும் பாரமே மதிப்பீடாகக் கொள்ளப்படும். அதாவது, அதுவரை மேற்பார்வையாளர் கையில் இருந்த தராசு கொழுந்து பறித்தவர் கைக்கே வந்துவிட்டது.

இந்த மாற்றம் கேமரன் மலையில் யாரை எப்படித் தொடுகிறது?

முதலில் கொழுந்து பறிப்பவர். இன்று இத்தோட்டங்களில் பறிப்பு வேலை செய்வோரில் பெரும்பாலோர் அயல்நாட்டுத் தொழிலாளர்கள். இருப்பினும் உள்நாட்டுத் தொழிலாளர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். 2025-இல் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 ரிங்கிட் ஆனது. ஆண்டுக்கு 20,400 ரிங்கிட். தனிநபர் வரி விலக்கு 9,000 ரிங்கிட். ஊழியர் சேமநிதிக்குச் செலுத்தும் 11 விழுக்காடு 2,244 ரிங்கிட். இரண்டையும் கழித்தால் வரிக்குரிய வருமானம் 9,156 ரிங்கிட். முதல் 5,000-க்கு வரி இல்லை. எஞ்சிய 4,156-க்கு ஒரு விழுக்காடு என்றால் 41 ரிங்கிட் 56 சென். வரிக்குரிய வருமானம் 35,000 ரிங்கிட்டைத் தாண்டாதவருக்கு 400 ரிங்கிட் தள்ளுபடி உண்டு. ஆகவே அவர் கட்டவேண்டிய வருமான வரி சுழியம். "நான் வரி கட்டாதவன்" என்று அவர் எண்ணிவிடக்கூடாது. அவர் வாங்கும் பல பொருள்களின் விலைக்குள் விற்பனை வரி ஒளிந்திருக்கிறது. ரசீதில் தெரியாத வரி என்பதால் அதை அவர் கவனிப்பதில்லை, அவ்வளவுதான்.

அடுத்து, அதே லயத்தில் பிறந்து, படித்து, தானா ராத்தாவிலோ ஈப்போவிலோ மாதம் 4,000 ரிங்கிட் சம்பளத்துக்கு வேலை செய்யும் மகளை எண்ணிப் பார்க்கலாம். குடும்பத்தில் முதன்முதலாக வரிப் பாரம் நிரப்புபவர் அவர்தான். ஆண்டு வருமானம் 48,000 ரிங்கிட். தனிநபர் விலக்கு 9,000. சேமநிதிக்கான விலக்கு அதிக அளவாக 4,000. மீதி சரியாக 35,000 ரிங்கிட். இதற்கு வரி 600 ரிங்கிட். தள்ளுபடி 400 போக, கட்டவேண்டியது 200 ரிங்கிட். புத்தகம், கணினி, இணையக் கட்டணம் போன்ற வாழ்க்கைமுறைச் செலவுகளுக்கு 2,500 ரிங்கிட் வரை விலக்கு உண்டு. அவற்றின் ரசீதுகளைப் பத்திரப்படுத்தியிருந்தால் வரி 125 ரிங்கிட்டாகக் குறையும். ஒரு சிறு நுணுக்கம் இதில் உள்ளது. வரிக்குரிய வருமானம் 35,000-ஐ ஒரு ரிங்கிட் தாண்டினாலும் அந்த 400 ரிங்கிட் தள்ளுபடி கிடைக்காது. ரசீதைக் குப்பையில் போடுபவருக்கு அந்த ஒரு காகிதத்தின் விலை சில வேளைகளில் நானூறு ரிங்கிட்.

வரி வாரியத்திலிருந்து கடிதம் வந்தாலே அஞ்சும் குடும்பங்கள் தோட்டப்புறத்தில் உண்டு. கடிதம் என்றால் குற்றம் என்ற எண்ணம் பழைய தலைமுறையிடம் ஊறிப்போயிருக்கிறது. இந்த அச்சத்தால் நட்டம் அடைபவர்கள் அவர்களே. மாதக் கழிவில் கூடுதலாகப் பிடிக்கப்பட்ட பணம், பாரம் அனுப்பினால்தான் திரும்பக் கிடைக்கும். அனுப்பாதவரின் பணம் அங்கேயே கிடக்கும். வீடு வாங்கக் கடன் கேட்டுப் போனால் வங்கி முதலில் கேட்பவற்றுள் வரிப் பாரமும் ஒன்று. வருமானத்தை மெய்ப்பிக்கும் தாள் இல்லாதவரின் உழைப்பு வங்கியின் கண்ணுக்குத் தெரிவதில்லை.

மூன்றாவது வகையினரே சுயமதிப்பீட்டின் உண்மையான சோதனை. பிரிஞ்சாங்கிலும் கியா ஃபாமிலும் சாலையோரத்தில் காய்கறி, செம்புற்றுப்பழம், தேன், தேயிலைப் பொட்டலம் விற்கும் கடைகள் வரிசையாக உள்ளன. பள்ளி விடுமுறையில் கூட்டம் அலைமோதும். கைமாறுவது பெரும்பாலும் ரொக்கம். ஒரு கடைக்காரருக்கு ஆண்டு விற்பனை 180,000 ரிங்கிட் என்று வைத்துக்கொள்வோம். சரக்கு, வாடகை, ஆள்கூலி, மின்கட்டணம் எல்லாம் சேர்ந்து 110,000 ரிங்கிட். விற்பனைக்கு வரி இல்லை. நிகர வருமானமான 70,000-க்குத்தான் வரி. தனிநபர் விலக்கைக் கழித்தால் 61,000 ரிங்கிட். இதற்கான வரி 2,710 ரிங்கிட்.

இவர் 40,000 ரிங்கிட் விற்பனையைக் கணக்கில் காட்டாமல் விட்டால்? வரிக்குரிய வருமானம் 21,000 ஆகிவிடும். வரி 180 ரிங்கிட். தள்ளுபடியால் அதுவும் சுழியம். மாதம் 4,000 ரிங்கிட் வாங்கும் பக்கத்து வீட்டுப் பெண் 200 ரிங்கிட் கட்டுகிறார். அவரைவிடக் கூடுதலாக ஈட்டும் கடைக்காரர் ஒரு சென்கூடக் கட்டவில்லை. அந்தப் பெண்ணின் வருமானத்தை முதலாளி நிறுத்து வாரியத்திடம் காட்டிவிடுகிறார். அவரால் மறைக்க இயலாது. கடைக்காரரோ தாமே நிறுக்கிறார். வரி ஏய்ப்பைப் பற்றிப் பேசும்போது அரசாங்கத்துக்கு இழப்பு என்றே பெரும்பாலும் சொல்லப்படுகிறது. நேர்மையாகக் கட்டும் அண்டை வீட்டாருக்கு அது இழைக்கும் அநீதியே முதன்மையானது. ஒருவர் மறைத்த எடை இன்னொருவர் கூடையில்தான் ஏறும்.

அதனால்தான் சட்டத்துக்குப் பற்கள் உண்டு. பாரம் அனுப்பத் தவறியவருக்கு 200 முதல் 20,000 ரிங்கிட் வரை அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கப்படலாம். வேண்டுமென்றே ஏய்த்தது நீதிமன்றத்தில் மெய்ப்பிக்கப்பட்டால் 1,000 முதல் 20,000 ரிங்கிட் வரை அபராதமோ மூன்றாண்டு வரை சிறையோ இரண்டுமோ. அதற்கு மேல் ஏய்த்த வரியைப்போல் மூன்று மடங்கு தண்டத் தொகை. நம் கடைக்காரரின் கணக்கில் அது 8,130 ரிங்கிட். நீதிமன்றம் வரை போகாத வழக்குகளிலும் குறைத்துக் காட்டிய வரிக்குச் சமமான தொகை வரை தண்டம் விதிக்க வாரியத்துக்கு அதிகாரம் உண்டு. குறித்த நாளில் கட்டாத வரியோடு 10 விழுக்காடு கூடும். வரி பாக்கி வைத்திருப்பவர் நாட்டை விட்டு வெளியேறுவதையும் தடுக்கலாம். உம்ராவுக்கோ திருப்பதிக்கோ புறப்பட்டு, விமான நிலையத்தில் நிறுத்தப்பட்ட பிறகுதான் தம் பாக்கியை நினைத்துப் பார்ப்பவர்களும் இருக்கிறார்கள். குடிநுழைவுத் துறையின் இணையத் தளத்தில் முன்கூட்டியே இதைச் சரிபார்த்துக்கொள்ள வசதி உண்டு.

கணக்குகளையும் ரசீதுகளையும் ஏழாண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். தணிக்கை அதிகாரிகள் வந்தால் கேட்பது அவற்றைத்தான். ஒருவர் காட்டும் வருமானமும் அவர் வாங்கிய நிலம், வாகனம் ஆகியவையும் பொருந்துகின்றனவா என்று ஒப்பிட்டுப் பார்ப்பதும் தணிக்கையின் ஒரு வழி. ஆண்டுக்கு இருபதாயிரம் ரிங்கிட் ஈட்டுவதாக எழுதியவர் மூன்று லட்சம் ரிங்கிட் வண்டியில் மலையேறினால் கேள்வி எழாமல் இருக்குமா?

தண்டனை மட்டுமே போதாது என்பதை வாரியமும் உணர்ந்திருக்கிறது. 2018 நவம்பர் 3 முதல் 2019 செப்டம்பர் 30 வரை சிறப்புத் தன்னார்வ அறிவிப்புத் திட்டம் ஒன்று நடந்தது. மறைத்த வருமானத்தைத் தாமாக முன்வந்து அறிவிப்பவர்களுக்கு, முதற்கட்டத்தில் 10 விழுக்காடும் பின்னர் 15 விழுக்காடும் மட்டுமே தண்டம். ஏழு பில்லியன் ரிங்கிட்டுக்கும் மேல் இதன்வழி வந்து சேர்ந்தது. 2023 ஜூன் 6 முதல் 2024 மே 31 வரை நடந்த இரண்டாம் திட்டத்தில் தண்டமே இல்லை. பணம் வந்தது நல்லதுதான். ஆனால் ஆண்டுதோறும் ஒழுங்காகக் கட்டியவர் இதைப் பார்த்து என்ன நினைப்பார்? அடுத்த சலுகை வரும்வரை காத்திருக்கலாம் என்று சிலர் எண்ணத் தொடங்கினால், சலுகையே ஏய்ப்புக்குத் தூண்டுகோலாகிவிடும். இத்தகைய திட்டங்களை அரிதாகவே பயன்படுத்துவது நல்லது.

"நாம் கட்டுகிற பணம் எங்கே போகிறது?" இது காப்பிக்கடைகளில் அடிக்கடி கேட்கும் கேள்வி; நேர்மையான கேள்வியும்கூட. கேமரன் மலையிலேயே அதற்கு ஒரு பகுதி விடை உண்டு. தாப்பாவிலிருந்து தானா ராத்தா வரை வளைந்து வளைந்து ஏறும் சாலை கூட்டரசுச் சாலை. பெருமழையில் சரிவு இடிந்து பாதை அடைபட்டால் மண்ணை அள்ளிச் சுவர் எழுப்பும் செலவு கூட்டரசின் கருவூலத்திலிருந்து வருகிறது. அரசு மருத்துவமனையின் வெளிநோயாளர் பிரிவில் குடிமக்கள் ஒரு ரிங்கிட் கொடுத்து மருத்துவரைப் பார்க்கிறார்கள். மருத்துவரின் சம்பளமும் மருந்தின் விலையும் அந்த ஒரு ரிங்கிட்டில் அடங்குமா? 2023-இல் வாரியம் திரட்டிய நேரடி வரி 183 பில்லியன் ரிங்கிட்டுக்கும் மேல். கூட்டரசு வருவாயில் பாதிக்கு மேற்பட்டது வருமான வரியே. உழைப்போரில் சிறு பகுதியினர் கட்டும் தனிநபர் வரியும் நிறுவனங்கள் கட்டும் வரியும் சேர்ந்தே அத்தொகை.

விடையின் மறுபகுதி கசப்பானது. தலைமைக் கணக்காய்வாளரின் அறிக்கை நாடாளுமன்றத்தில் வைக்கப்படும்போதெல்லாம் வீண்செலவும் முறைகேடும் பற்றிய செய்திகள் வெளிவருகின்றன. அதைப் படிப்பவருக்கு வரி கட்டும் மனம் சுருங்குவது இயல்பே. தோட்டத்தில் தராசு சரியில்லை என்றால் தராசை மாற்றச் சொல்வார்களே தவிர, கொழுந்தை மறைத்து வைக்கமாட்டார்கள். அந்த அறிக்கை வெளிவருவதே, கேள்வி கேட்க வழி திறந்திருக்கிறது என்பதற்கு அடையாளம்.

வரி வேண்டாம் என்று ஒரு நாடு முடிவெடுத்தால் என்ன ஆகும் என்பதற்குத் தேயிலைக்குப் பேர்போன இன்னொரு நாட்டைப் பார்க்கலாம். இலங்கையில் 2019 டிசம்பரில் மதிப்புக்கூட்டு வரி 15-லிருந்து 8 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. அடுத்த மாதத்திலிருந்து சம்பளத்தில் கட்டாயமாக வரி பிடிக்கும் முறையும் கைவிடப்பட்டது. மக்கள் மகிழ்ந்தார்கள். அரசின் வருவாய் சரிந்தது. பெருந்தொற்று, சுற்றுலா முடக்கம், வெளிநாட்டுக் கடன் எல்லாம் ஒன்றுசேர, 2022 ஏப்ரலில் அந்நாடு கடனைத் திருப்பிச் செலுத்த இயலாது என்று அறிவித்தது. 2023 ஜனவரியில் வருமான வரி 36 விழுக்காடு வரை உயர்ந்தபோது மருத்துவர்களும் விரிவுரையாளர்களும் தெருவில் இறங்கிப் போராடினார்கள். வரிக்குறைப்பு ஒன்றுதான் அந்நெருக்கடிக்குக் காரணம் என்று கூறுவது பொருந்தாது. ஆனால் மெதுவாகக் கட்டியிருக்க வேண்டியதை ஒரே அடியாகக் கட்ட நேர்ந்தபோது வலி பன்மடங்கானது. மலையகத் தோட்டத் தொழிலாளர்கள் வருமான வரி வரம்புக்குள் வராதவர்கள். விலையேற்றத்தின் சுமையோ அவர்களையே மிகக் கடுமையாக அழுத்தியது.

நம் நாட்டில் வரி மதிப்பீடு தவறென்று கருதுபவர் வாய்மூடி இருக்க வேண்டியதில்லை. மதிப்பீட்டு அறிவிப்புக் கிடைத்த 30 நாள்களுக்குள் மேல்முறையீடு செய்யலாம். வாரியத்தோடு உடன்பாடு ஏற்படாவிட்டால் வருமான வரிச் சிறப்பு ஆணையர்கள் வழக்கை விசாரிப்பார்கள். அதற்கு மேல் உயர்நீதிமன்றமும் உண்டு. தோட்டத்து நிறுவையில் இப்படியொரு வழி அந்நாளில் இருந்ததில்லை.

இப்போது தராசு மறுபடியும் கைமாறி வருகிறது. 2024 ஆகஸ்ட் 1 முதல், ஆண்டு விற்பனை 100 மில்லியன் ரிங்கிட்டைத் தாண்டும் நிறுவனங்களுக்கு மின்-விலைப்பட்டியல் கட்டாயமானது. அதன்பின் படிப்படியாகச் சிறிய நிறுவனங்களுக்கும் விரிந்தது. ஒரு விற்பனை நடக்கும்போதே அதன் விவரம் வாரியத்தின் கணினிக்குச் சென்று சரிபார்க்கப்படுகிறது. ஆண்டு முடிவில் அறிவிக்க வேண்டிய எடை அன்றன்றே பதிவாகிவிடுகிறது. மலைமேல் தேயிலை பதப்படுத்தும் பெரிய நிறுவனங்கள் இம்முறைக்குள் வந்துவிட்டன. சாலையோரத்துச் சிறுகடைகளுக்கு விலக்கு இருக்கிறது. அங்கே விற்பனையை எழுதி வைப்பது இன்னும் நோட்டுப் புத்தகத்தில்தான். ஆண்டுதோறும் ஏப்ரலில் சம்பளக்காரர்களும் ஜூனில் வணிகர்களும் பாரம் நிரப்பும் காலம் வரும்போது, அந்தப் புத்தகத்தைத் திறந்து கூட்டிப் பார்ப்பவர் கடைக்காரர் மட்டுமே.